ஒரு படி கீழே நின்ற பாடல்கள்

1967 மார்ச் மாதம் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. 1963 முதல் தொடர்ந்து 11 இசைத்தட்டுகளை முதலிடத்துக்குக் கொண்டுபோன பீட்டில்ஸ் குழு, பன்னிரண்டாவதில் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது. அந்தத் தட்டின் ஒரு பக்கம் ‘பென்னி லேன்’, மறுபக்கம் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’. அந்தக் குழுவின் உச்சம் என்று விமர்சகர்கள் இன்றும் சொல்லும் பாடல்கள் அவை. வழியை மறித்துக்கொண்டு ஆறு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது ‘ரிலீஸ் மீ’ என்ற பிரிவுப் பாட்டு. பாடியவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். அது மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர். 1936இல் சென்னையில் பிறந்தபோது இட்ட பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி. தந்தை பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தவர்.

சென்னையில் பிறந்த ஒருவர் பீட்டில்ஸை வீழ்த்தினார் என்று சொல்லிக்கொள்ள நமக்கு ஆசைதான். ஆனால் அதே வாரங்களில் ‘மெலடி மேக்கர்’ என்ற இசை வார இதழ் தனியாகக் கணக்கெடுத்து வெளியிட்ட பட்டியலில் பீட்டில்ஸ்தான் முதலிடம். ஒரே நாடு, ஒரே மாதம், ஒரே தட்டு. எண்ணியவர் மாறியதும் இடமும் மாறிவிட்டது.

முதலிடத்தை மயிரிழையில் தவறவிட்ட பாடல்களைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக எழும் கேள்வி, ‘இத்தனை நல்ல பாட்டு எப்படித் தோற்றது?’ என்பது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: யாரை எண்ணினார்கள், எங்கே எண்ணினார்கள், யார் எண்ணினார்கள்? சிங்கப்பூர்த் தமிழ் ரசிகருக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கமானது. அவர் கேட்டு வளர்ந்த பாடல்களில் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் ஏறவே இல்லை.

இருபது கடைகளின் தீர்ப்பு

பிரிட்டனின் முதல் பட்டியல் 1952 நவம்பர் 14 அன்று ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழில் வந்தது. விளம்பரப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த பெர்சி டிக்கின்ஸ், சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசியில் அழைத்து, எந்தப் பாட்டு அதிகம் போகிறது என்று கேட்டுக் கூட்டிப் போட்டதுதான் அந்தப் பட்டியல். அதில் 12 இடங்கள், 15 பாடல்கள். சில பாடல்கள் சம எண்ணிக்கையில் வந்ததால் ஒரே இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டன.

அடுத்த பத்தாண்டுகளில் அங்கே பல இதழ்கள் பல பட்டியல்களை வெளியிட்டன. 1963இல் பீட்டில்ஸின் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ இரண்டு இதழ்களில் முதலிடம் பிடித்தது. ஆனால் ‘ரெக்கார்ட் ரீடெய்லர்’ இதழின் பட்டியலில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. பிற்காலத்தில் இந்தப் பட்டியலையே அதிகாரபூர்வ வரலாறாக ஏற்றுக்கொண்டார்கள். அதனால் அந்தப் பாட்டு இன்று முதலிடத்தைத் தவறவிட்ட பாடல்களில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. அந்தக் காலத்து ரசிகருக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்.

1990 செப்டம்பரில் நடந்தது அதைவிட வேடிக்கை. டீ-லைட் குழுவின் ‘குரூவ் இஸ் இன் தி ஹார்ட்’ பாடலும், ஜீன்ஸ் விளம்பரம் ஒன்றால் மறுபடி உயிர் பெற்ற ஸ்டீவ் மில்லர் குழுவின் ‘தி ஜோக்கர்’ பாடலும் சரிசமமாக விற்றதாகக் கணக்கு வந்தது. முந்தைய வாரத்தைவிட எதன் விற்பனை அதிகம் கூடியதோ அதற்கே முதலிடம் என்று விதி சொன்னது. ‘தி ஜோக்கர்’ ஏறியது. டீ-லைட் இரண்டாவதாக நின்றது. அமெரிக்காவில் 1991இல் சவுண்ட்ஸ்கேன் என்ற கணினி முறை வரும்வரை, பில்போர்டு பட்டியலும் கடைக்காரர்கள் வாயால் சொன்ன தகவலைத்தான் நம்பியிருந்தது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு எந்தப் பாட்டு பிடிக்கும், எந்தக் கம்பெனி விற்பனையாளர் அன்றைக்கு வந்து போனார் என்பதெல்லாம் அந்தத் தகவலில் கலந்திருக்க வாய்ப்புண்டு.

வழி மறித்தவர்கள்

இரண்டாம் இடத்தில் நின்றவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தால் சில வகைகள் தெரிகின்றன. முதல் வகை, தப்பான வாரத்தில் வந்து சிக்கியவை. பாப் டிலனின் ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’ ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. அந்த நீளத்தில் ஒரு பாட்டை வானொலியில் போடத் தயங்கிய காலத்தில், 1965இல், அது பில்போர்டில் இரண்டாம் இடம்வரை போனது. மேலே இருந்தது பீட்டில்ஸின் ‘ஹெல்ப்!’. ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2004இல் எல்லாக் காலத்துக்கும் சிறந்த 500 பாடல்களைத் தேர்ந்தெடுத்தபோது டிலனின் பாட்டுக்கு முதலிடம் கொடுத்தது. 2021இல் அதே இதழ் பட்டியலைப் புதுப்பித்தபோது அது நான்காம் இடத்துக்கு இறங்கியது.

இரண்டாம் வகை, கேலிப் பாட்டுக்கும் தொலைக்காட்சிப் புகழுக்கும் இடம் கொடுத்தவை. 1981இல் அல்ட்ராவாக்ஸ் குழுவின் ‘வியன்னா’ பிரிட்டனில் நான்கு வாரம் இரண்டாம் இடத்தில் நின்றது. அதில் மூன்று வாரம் அதை மறித்தது, ஜோ டோல்ச்சே இத்தாலிய உச்சரிப்பைக் கிண்டலடித்துப் பாடிய ‘ஷடப் யூ ஃபேஸ்’. பிபிசி வானொலி 2012ஆம் ஆண்டின் இறுதியில் நடத்திய வாக்கெடுப்பில், இரண்டாம் இடத்தில் நின்ற பாடல்களில் பிரிட்டன் மக்களுக்கு மிகப் பிடித்தது ‘வியன்னா’தான் என்று முடிவானது. 1995இல் ஒயாசிஸ் குழுவின் ‘வொண்டர்வால்’ பாடலை மறித்தவர்கள் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நடித்துப் புகழ்பெற்ற இரண்டு நடிகர்கள்.

மூன்றாம் வகை, விடாமல் தட்டிப் பார்த்தும் கதவு திறக்காதவை. க்ரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவின் ஐந்து இசைத்தட்டுகள் பில்போர்டு 100 பட்டியலில் இரண்டாம் இடத்தைத் தொட்டன. ‘ப்ரௌட் மேரி’, ‘பேட் மூன் ரைசிங்’ இரண்டும் அவற்றில் அடக்கம். முதலிடம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஃபாரினர் குழுவின் ‘வெயிட்டிங் ஃபார் எ கேர்ல் லைக் யூ’ 1981-82இல் பத்து வாரம் இரண்டாம் இடத்திலேயே காத்திருந்தது. பாட்டின் பெயரே காத்திருப்பைப் பற்றியது என்பது தற்செயல்.

சிங்கப்பூரின் சொந்தப் பட்டியல்

சிங்கப்பூரில் 1959இல் பதவிக்கு வந்த மக்கள் செயல் கட்சி அரசாங்கம், சீரழிவுக் கலாசாரத்துக்கு ‘மஞ்சள் கலாசாரம்’ என்று பெயரிட்டு ஜூக்பாக்ஸ் இயந்திரங்களைத் தடை செய்தது. காசு போட்டால் பாட்டுப் பாடும் அந்த இயந்திரங்கள் மற்ற நாடுகளில் எந்தப் பாட்டு ஓடுகிறது என்பதற்கான முக்கிய அளவுகோல். இங்கே அந்த அளவுகோல் மறைந்தது; வானொலியும் இசைத்தட்டுக் கடைகளும் மிஞ்சின.

1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ‘தி ஷாடோஸ்’ குழுவும் ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் வாசித்துவிட்டுப் போனார்கள். கிளிஃப் ரிச்சர்டும் இந்தியாவில், லக்னோவில், பிறந்தவர்தான். அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களிலும் குடியிருப்புப் பேட்டைகளிலும் கிதார்க் குழுக்கள் முளைத்தன. குவீன்ஸ்டவுன் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ‘தி குவெஸ்ட்ஸ்’ குழு 1964இல் ‘ஷாண்டி’ என்ற வாத்திய இசைத்தட்டை வெளியிட்டது. அது உள்ளூர்ப் பட்டியலில் பீட்டில்ஸைத் தள்ளிவிட்டு முதலிடத்தில் ஏறியது. சிங்கப்பூரில் உள்ளூர் இசைக்குழு ஒன்று முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு நவோமி அண்ட் தி பாய்ஸ் குழுவின் ‘ஹேப்பி ஹேப்பி பர்த்டே பேபி’யும் உச்சிக்குப் போனது. அமெரிக்காவின் பில்போர்டு இதழ் உலக நாடுகளின் பட்டியல்களை அச்சிட்ட பக்கத்தில் சிங்கப்பூரும் இடம்பெறத் தொடங்கியது.

20 லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த தீவு அது. அதில் ஆங்கில இசைத்தட்டு வாங்கியவர்கள் ஒரு பகுதியினர்தான். அன்றைய பட்டியல் அந்தப் பகுதியைத்தான் எண்ணியது. சிராங்கூன் சாலையில் எம்.ஜி.ஆர்., சிவாஜி படப் பாடல்கள் எத்தனை தட்டு விற்றன என்பது ‘ஷாண்டி’ இருந்த பட்டியலில் வராது. விசுவநாதன் ராமமூர்த்தியின் மெட்டு ஒன்று தேக்காவில் அந்த வாரம் பீட்டில்ஸைவிட அதிகம் விற்றிருந்தாலும் அது யாருடைய கணக்கிலும் ஏறியிருக்காது.

அரசாங்கத்தின் கையும் அவ்வப்போது குறுக்கே வந்தது. பீட்டர், பால் அண்ட் மேரி பாடிய ‘பஃப் தி மேஜிக் டிராகன்’ 1963இல் அமெரிக்காவில் இரண்டாம் இடம்வரை போன குழந்தைப் பாட்டு. போதைப்பொருளை ஜாடையாகச் சொல்கிறது என்ற சந்தேகத்தால் சிங்கப்பூரில் அது தடைக்கு உள்ளானது. எழுதியவர்கள் அந்தச் சந்தேகத்தைக் கடைசிவரை மறுத்தார்கள். பிரிட்டனிலும் இது நடக்காமல் இல்லை. 1977இல் எலிசபெத் அரசியாரின் வெள்ளிவிழா வாரத்தில் ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ குழுவின் ‘காட் சேவ் தி குவீன்’ பாட்டை ஒலிபரப்ப பிபிசி மறுத்தது. பெரிய கடைகள் சில விற்க மறுத்தன. அப்படியும் அது இரண்டாம் இடத்துக்கு வந்தது. உண்மையில் முதலிடம் அதற்குத்தான், கணக்கில் கை வைத்துவிட்டார்கள் என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

எண்ணப்படாத தமிழ்ப் பாட்டு

தமிழில் இப்படி ஒரு சண்டைக்கே வழியில்லாமல் போனது ஏன்?

முதல் காரணம், தமிழ்ப் பாட்டு திரைப்படத்தோடு பிறந்தது. படம் எத்தனை நாள் ஓடியது என்பதுதான் நம்முடைய கணக்கு. நூறாவது நாள் சுவரொட்டியும் வெள்ளிவிழாக் கேடயமும் படத்துக்கு உரியவை. பாட்டுக்குத் தனியாக வாரக் கணக்கு எடுக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. சன் டிவியின் புகழ்பெற்ற ‘டாப் டென்’ நிகழ்ச்சிகூடப் படங்களைத்தான் வரிசைப்படுத்தியது.

இரண்டாம் காரணம் வானொலி. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடலை ஏறத்தாழ ஒதுக்கியே வைத்தார். ரசிகர்கள் கடல் தாண்டி இலங்கை வானொலிக்குப் போனார்கள். அங்கே இந்தி ஒலிபரப்பில் அமீன் சயானி நடத்திய ‘பினாகா கீத்மாலா’ இந்தியத் திரைப்பாடலுக்கு முதன்முதலாக ஒரு தரவரிசையைக் கொடுத்தது. இசைத்தட்டுக் கடைகளின் கணக்கை மட்டும் நம்பினால், தயாரிப்பாளர்களே ஆளை விட்டுத் தட்டுகளை மொத்தமாக வாங்கிப் பாட்டை மேலே ஏற்றிவிட முடியும். அதற்கு மாற்றாக ஊர் ஊராக இருந்த ரசிகர் மன்றங்களின் வாக்கையும் அவர் சேர்த்துக்கொண்டார்.

அதே நிலையத்தின் தமிழ்ச் சேவை வேறு வழியில் போனது. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களில் வளர்ந்த அந்தச் சேவையின் உயிர் ‘நேயர் விருப்பம்’. ஒரு பாட்டுக்கு முன்னால் அதை விரும்பிக் கேட்டவர்களின் ஊரும் பெயரும் வரிசையாக வரும். பட்டியல் நீண்டால் பாட்டு பெரிய பாட்டு என்று கேட்பவர்களே முடிவு செய்துகொண்டார்கள். எண் சொல்லவில்லை, முதலிடம், இரண்டாமிடம் என்று யாரும் அறிவிக்கவில்லை. அகில இந்திய வானொலி 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதியைத் தொடங்கித் திரைப்பாடலைத் திரும்ப அழைத்த பிறகும் இந்தப் பழக்கம்தான் நிலைத்தது. சிங்கப்பூரின் ஒலி 96.8 உட்பட இன்றைய தமிழ் வானொலிகளின் வாழ்த்தும் விருப்பமும் கலந்த நிகழ்ச்சிகள் அந்த மரபின் வாரிசுகள்.

மூன்றாம் காரணம் ஒலிநாடா. 1970களின் இறுதியிலிருந்து கேசட் வந்து, இளையராஜாவின் பாடல்கள் வீட்டுக்கு வீடு நுழைந்தன. சிங்கப்பூரில் 1987ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் வரும்வரை நடப்பில் இருந்தது பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஓட்டையில் கள்ளப் பிரதிகள் பெருகின. இங்கிருந்து ஏற்றுமதியும் ஆயின. காலிக் கேசட்டைக் கடையில் கொடுத்து, வேண்டிய பாடல்களைத் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தால், கடைக்காரர் பதிந்து கொடுப்பார். ஏ பக்கத்தில் காதல் பாட்டு, பி பக்கத்தில் சோகப் பாட்டு, கடைசியில் நாடா மிஞ்சினால் கடைக்காரருக்குப் பிடித்த ஒன்று. அந்தத் துண்டுச் சீட்டுகளை யாராவது சேர்த்து வைத்திருந்தால், தமிழ்ப் பாட்டின் உண்மையான வாரப் பட்டியல் அதுவாகத்தான் இருந்திருக்கும். கம்பெனிக் கணக்கில் வராத விற்பனை என்பதால் எந்தப் பட்டியலுக்கும் அது போய்ச் சேரவில்லை.

நான்காவது, ஐந்தாவது

தமிழ்ப் பாட்டு உலகப் பட்டியல் ஒன்றில் முதலிடத்தை நெருங்கிய தருணம் 2002இல் வந்தது. பிபிசி உலக சேவை தன் 70ஆம் ஆண்டு நிறைவையொட்டி, உலகின் தலைசிறந்த பத்துப் பாடல்களைத் தேர்ந்தெடுக்க நேயர்களை அழைத்தது. 150க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வாக்குகள் வந்தன. போட்டியில் சுமார் 7,000 பாடல்கள் இருந்தன.

முடிவைப் பார்த்து லண்டன் இதழ்கள் திகைத்தன. முதலிடம் அயர்லாந்தின் ‘வுல்ஃப் டோன்ஸ்’ குழு பாடிய தேசியப் பாட்டுக்கு. இரண்டாமிடம் ‘ஆனந்த் மட்’ படத்தின் ‘வந்தே மாதரம்’. மூன்றாமிடம் பாகிஸ்தானின் ‘தில் தில் பாகிஸ்தான்’. நான்காமிடத்தில் ‘ராக்கம்மா கையத் தட்டு’. 1991 தீபாவளிக்கு வந்த ‘தளபதி’யில் இளையராஜா இசையமைத்து, வாலி எழுதி, எஸ்.பி. பாலசுப்பிரமணியமும் சுவர்ணலதாவும் பாடியது. குத்துப் பாட்டாகத் தொடங்கி நடுவில் அப்பர் தேவாரத்துக்குத் திரும்பும் அதன் அமைப்பு திரையிசையில் அரிது. ஐந்தாமிடத்தில் திருமலை சந்திரன் பாடிய ‘பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது’. திரைப்படத்துக்குச் சம்பந்தமில்லாத ஈழத்துப் பாட்டு. ஏ.ஆர். ரஹ்மானின் ‘சைய்ய சைய்யா’ ஒன்பதாவது. குவீன் குழுவின் ‘பொஹிமியன் ராப்சடி’ பத்தாவது.

இதைப் பார்த்துத் தமிழ் இசை உலகை வென்றுவிட்டது என்றார்கள் சிலர். இணைய வாக்கெடுப்பு, ஆர்வலர்கள் திரட்டிய வாக்கு என்று ஒதுக்கினார்கள் சிலர். இரண்டாவது தரப்பு சொன்னதில் உண்மை உண்டு. முதல் மூன்று இடங்களிலும் நாட்டுப்பற்றுப் பாடல்கள் இருப்பதே வாக்கு எப்படித் திரண்டது என்பதைக் காட்டுகிறது. ஆனால் கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டு எழுதிய பட்டியலைவிட இது எந்த வகையில் குறைந்தது? அங்கே பிரிட்டனின் கடைத்தெருவில் நின்றவர்கள் எண்ணப்பட்டார்கள். இங்கே யாழ்ப்பாணத்திலிருந்து டொரண்டோ, பாரிஸ், லண்டன் என்று சிதறி, இரவில் பிபிசியின் தமிழ் ஒலிபரப்பான ‘தமிழோசை’க்குக் காது கொடுத்தவர்கள் எண்ணப்பட்டார்கள். இலங்கையில் போர்நிறுத்தம் அறிவித்த ஆண்டு அது. திரைப்படத்தின் முதுகில் ஏறாத ஒரு பாட்டு ஐந்தாமிடம் வரை வந்ததற்கு அந்தச் சூழலையும் சேர்த்துத்தான் விளக்கம் சொல்ல முடியும்.

நான்காமிடமும் நினைவும்

முதலிடத்தில் ஏறியது மறந்து, ஏறாதது நிலைப்பதற்குத் தமிழ் வம்சாவளிப் பாடகி ஒருவரே நல்ல உதாரணம். லண்டனில் பிறந்து யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் குழந்தைப் பருவத்தைக் கழித்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடுபவர். தாயின் பெயரைத் தாங்கிய ‘கலா’ தொகுப்பில் அவர் பாடிய ‘பேப்பர் பிளேன்ஸ்’ 2008இல் பில்போர்டு 100 பட்டியலில் நான்காமிடத்தில் நின்றது. 2020இல் டிராவிஸ் ஸ்காட்டின் ‘ஃபிரான்சைஸ்’ பாட்டில் விருந்தினராகக் குரல் கொடுத்தபோது அதே பட்டியலில் முதலிடம் கிடைத்தது. எம்.ஐ.ஏ. என்றதும் இன்றைக்கும் யாருக்கும் நினைவுக்கு வருவது நான்காமிடத்துப் பாட்டுதான்.

யூடியூப் காலத்தில் தமிழ்ப் பாட்டுக்கும் எண் வந்தது. 2011 நவம்பர் 16 அன்று வெளியான ‘ஒய் திஸ் கொலவெறி டி’ அதற்குக் கட்டியம் கூறியது. அதன் விளைவு இன்னொன்றும் உண்டு. ‘3’ படத்தின் மற்றப் பாடல்களை அந்தக் கூச்சல் மூடி மறைத்தது. ‘கண்ணழகா’, ‘இதழின் ஓரம்’, ‘நீ பார்த்த விழிகள்’ ஆகியவை அப்போது பேச்சில் அடிபடவில்லை. இன்று திருமண வரவேற்பு மேடைகளில் ஒலிப்பவை அவைதாம். ஒரே படத்துக்குள் முதல் பாட்டால் மறைக்கப்படும் பாடல்கள் தமிழில் ஏராளம். நம்முடைய ‘இரண்டாமிடம்’ பெரும்பாலும் கேசட்டின் பி பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

2019 ஜனவரியில் ‘மாரி 2’ படத்தின் ‘ரௌடி பேபி’ காணொளி வந்ததும் பில்போர்டின் யூடியூப் பட்டியலில் நான்காமிடம் பிடித்தது. மறு ஆண்டு நவம்பரில் நூறு கோடிப் பார்வைகளைத் தாண்டிய முதல் தென்னிந்தியப் பாட்டானது. 2019இல் சிங்கப்பூரின் பங்கும் ஒன்று உண்டு. 2005இல் ‘வசந்தம் ஸ்டார்’ போட்டியில் வென்ற ஷபீர், ‘சகா’ என்ற சிறிய தமிழ்நாட்டுப் படத்துக்கு இசையமைத்தார். குறுந்தொகையின் 40ஆம் பாடலை அடியொற்றி அமைந்த ‘யாயும்’ என்ற பாட்டு இணையத்தில் பரவியது. படத்தைப் பார்க்காதவர்கள் பாட்டை மனப்பாடமாகச் சொன்னார்கள். இசையமைப்பாளர் சிங்கப்பூரர் என்பது பலருக்குப் பிறகுதான் தெரிந்தது.

நூற்றுக்கு இரண்டரை

இன்றைய சிங்கப்பூரில் எண்ணுவதற்குக் குறைவில்லை. சிங்கப்பூர் ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் இணையவழி கேட்புகளை வைத்து வாரப் பட்டியல் வெளியிடுகிறது. பில்போர்டு 2022இல் சிங்கப்பூருக்கென்று தனிப் பட்டியலைத் தொடங்கியது. கடைக்காரரின் சொந்த விருப்பத்துக்கோ கள்ளக் கேசட்டுக்கோ இதில் இடமில்லை. ஒவ்வொரு தட்டலும் கணக்கில் ஏறுகிறது.

அப்படியும் தமிழ்ப் பாட்டு உச்சிக்கு ஏறுவது கடினம். காரணம் கூட்டல் கழித்தல்தான். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் அதிகம் தமிழ் பேசும் சிங்கப்பூர்வாசிகள் நூற்றுக்கு 2.5 பேர். மாண்டரின் பேசுவோர் 29.9, ஆங்கிலம் பேசுவோர் 48.3. இந்த 2.5 விழுக்காட்டினரும் ஒரே வாரம் ஒரே அனிருத் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும், டெய்லர் ஸ்விஃப்டோ தைவானின் ஜே சௌவோ புதுப்பாட்டு வெளியிட்ட வாரமென்றால் நடக்கிற காரியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் நின்று பார்த்தால் இன்னொரு கணக்குப் பிசகும் தெரியும். கேம்பல் லேனில் ஒரு கடை, பஃபலோ ரோட்டில் ஒரு காய்கறிக் கடை, முஸ்தஃபாவுக்குப் போகும் வழியில் ஓர் உணவகம். ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பேசி, அதோடு இணைத்த ஓர் ஒலிபெருக்கி. வாரம் முழுதும் கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்துவிட்டு வந்த ஊழியர்கள் நூற்றுக்கணக்கில் அந்தப் பாட்டைக் கேட்டபடி கடந்து போகிறார்கள். சிலர் நின்று, அடுத்த பாட்டு என்ன என்று பார்க்கிறார்கள். இணையச் சேவையின் பதிவில் அது ஒரே ஒரு கேட்பு. மேலே சொன்ன 2.5 விழுக்காடு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணியது. இந்த ஊழியர்கள் அதிலும் இல்லை.

மற்ற மொழிகள் இதற்கு வழி கண்டிருக்கின்றன. சீன மொழி வானொலியான யெஸ் 933 தன் நேயர்களுக்கென்று வாரத் தரவரிசையை நெடுங்காலமாக நடத்துகிறது. மலேசியாவில் டிவி3 நிலையம் 1986 முதல் ‘அனுகெரா ஜுவாரா லாகு’ போட்டியில் அந்த ஆண்டின் மலாய்ப் பாடல்களை மோதவிடுகிறது. எது வென்றது, எது வென்றிருக்க வேண்டும் என்ற வழக்கு அங்கே ஆண்டுதோறும் நடக்கிறது. தமிழுக்கு அந்த வழக்கை நடத்தவே களமில்லை. தொலைக்காட்சி விருது விழாவான ‘பிரதான விழா’வில் விருதுகள் உண்டு. ஆனால் அவை ஆண்டுக்கொரு முறை வருபவை. வாரந்தோறும் ஏறி இறங்கும் ஓட்டத்தைக் காட்டக்கூடியவை அல்ல.

இணையச் சேவைகளிடம் மொழிவாரியான தகவல் இருக்கிறது. வானொலியிடம் விருப்பப் பாடல் கேட்டு வரும் குறுஞ்செய்திகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் சிங்கப்பூர்த் தமிழ் இருபது என்று ஒரு பட்டியல் போடலாம். அது என்ன காட்டும் என்பதற்கு பிரிட்டனில் ஒரு முன்னோட்டம் உண்டு. ‘வாம்!’ குழுவின் ‘லாஸ்ட் கிறிஸ்துமஸ்’ 1984இல் எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பாடிய பாட்டுக்குக் கீழே இரண்டாவதாக நின்றது. 2014 முதல் இணையக் கேட்பையும் அங்கே கணக்கில் சேர்த்தார்கள். பழைய பாட்டுகள் ஒவ்வொரு டிசம்பரிலும் திரும்பி வரத் தொடங்கின. 2021 ஜனவரி 1 அன்று, 36 ஆண்டுகள் கழித்து, அது முதலிடம் பிடித்தது. மரையா கேரியின் கிறிஸ்துமஸ் பாட்டும் அப்படித்தான்: 1994இல் அங்கே இரண்டாவது, 2020 டிசம்பரில் முதலாவது.

நமக்கும் அப்படிப்பட்ட பாடல்கள் உண்டு. சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு தொடங்கிய நாளிலிருந்து சந்தைக் கடைகளில் ‘கல்யாணப் பரிசு’ படத்தின் ‘உன்னைக் கண்டு நான் ஆட’ ஒலிக்கும். 1959இல் ஏ.எம். ராஜா இசையமைத்த பாட்டு. பின்னாலேயே 1987 ‘நாயகன்’ படத்தின் ‘நான் சிரித்தால் தீபாவளி’ வரும். நடுநடுவே அந்த ஆண்டுத் தீபாவளிப் படத்தின் புதுப்பாட்டு. வாரப் பட்டியல் ஒன்று தொடங்கினால், முதல் அக்டோபரிலேயே அறுபது வயது தாண்டிய ஒரு பாட்டும் ஆறு நாள் முன்னால் வெளியான ஒரு பாட்டும் நேருக்கு நேர் நிற்கும். எது இரண்டாவதாக வந்தாலும், கணக்கு சரியில்லை என்று தேக்காவில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள்.